உம்முவின் வலது கால்

அண்ணன் ஓட்டும் காரில் முன்னால் உட்காரும்போதெல்லாம் அவளுடைய வலது கால் தானாகக் கீழே அழுத்தும். முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு சிவக்கும் முன்பே அழுத்தும். திருப்பத்துக்கு நூறடி இருக்கும்போதே அழுத்தும். வண்டி திரும்பத் தொடங்கியதும் மெல்ல மெல்லத் தளரும். பன்னிரண்டு வருடம் இதே கதை நடந்தது. அந்தப் பக்கத்து மிதியடியில் அவள் பாதம் படும் இடம் மட்டும் தேய்ந்து, ரப்பருக்குள் இருக்கும் துணி வெளியே தெரிகிறது.

"அங்க பிரேக் இல்ல உம்மு. எத்தன தடவ சொல்றது?" என்பான் அண்ணன்.

பின்சீட்டில் அண்ணி சிரிப்பாள். சிரிக்கிற அண்ணி அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் முன்னால் உட்கார்ந்ததில்லை. புருஷன் வண்டி ஓட்டுவதைக் கண்ணால் பார்க்க அவளுக்குப் பயம். "நீ போய் முன்னாடி உக்காரு, எனக்குத் தலை சுத்தும்" என்று நாத்தனாரை முன்னால் தள்ளிவிட்டு, பின்னால் ஏறிக் கண்ணை மூடிக்கொள்வாள்.

உம்மு என்பது பெயரில்லை. உம்மணாமூஞ்சி என்று சின்ன வயதில் அண்ணன் வைத்த வசவு, சொல்லிச் சொல்லித் தேய்ந்து உம்முவாகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் அதுதான் உண்மையான பெயர் என்று நம்பி, மரியாதையாக "உம்முக்கா" என்று கூப்பிடுகிறார்கள். அவள் யாரையும் திருத்தியதில்லை. திருத்தப் போனால் வாயைத் திறக்க வேண்டும்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அம்மா படுக்கையில் விழுந்த வருடம் அது. வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றார்கள். அண்ணனுக்குப் பரீட்சை இருந்ததால் அந்த ஆள் அவளானாள். அண்ணன் அந்தப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டான். அம்மா போன பிறகு பள்ளிக்கூடம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. கார் சீட்டுக்கு உறை தைக்கும் பட்டறையில் ஒன்பது வருடம் மோட்டார் மெஷினில் உட்கார்ந்தாள். பிறகு கல்யாணம், எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. இங்கேயும் அது வேண்டாம். ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவன் சொன்ன முதல் வார்த்தை, "பின் ரூம்ல பழைய டயர் கெடக்கு. ஒதுக்கி வெச்சிட்டுப் படு."

அண்ணன் அப்போது டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளன். கற்றுக்கொடுக்கிற காரில், பயிற்சியாளர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் ஓங்கி மிதித்து வண்டியை நிறுத்த வேண்டியது. அவ்வளவுதான் அதன் வேலை. பதினைந்து வருடம் அதை மிதித்தே அவன் பேர் வாங்கினான். ஊரில் பாதிப் பேர் தன் காலுக்குக் கீழே பிழைத்தவர்கள் என்பான்.

தங்கைக்கும் கற்றுக்கொடுத்தான், மூன்று நாள். அவள் கால் பிரேக்குக்குப் போகும் முன்பே அவன் கால் மிதித்துவிடும். வண்டி குலுங்கி நிற்கும். "தூங்குறியா?" என்பான். மறுபடி கிளப்புவாள். தெருமுனை தெரியும், அவள் காலை நகர்த்துவாள், அதற்குள் அவன் மிதித்துவிடுவான். மூன்றாம் நாள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் தீர்ப்புச் சொன்னான்: "இவளுக்குக் காலே இல்ல. மரக்கட்ட. மரக்கட்டைக்கு யாராவது லைசன்ஸ் குடுப்பானா?"

அன்றைக்கு அண்ணி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு உம்முவுக்கு மறக்கவில்லை.

பிறகு டிரைவிங் ஸ்கூல் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வெளியே வந்தான். ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் கார்ப் பந்தய விளையாட்டு மையம் திறந்தான். நான்கு இருக்கை, ஒவ்வொன்றின் முன்னாலும் பெரிய திரை, உண்மையான காரில் இருப்பது போலக் கனமான ஸ்டியரிங், காலுக்குக் கீழே மூன்று பெடல். சாயங்காலம் ஆனால் கூட்டம் வரும். ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பல் டாக்டர் வெள்ளை கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து உட்காருவார். ஒரு கொரியர்காரர், நாள் முழுக்க ஸ்கூட்டர் ஓட்டியது போதாதென்று, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவார்.

இந்த விளையாட்டில் ஓட்டுகிறவருக்கு விளையாட்டே செய்துகொடுக்கும் உதவிகள் உண்டு. அசிஸ்ட் என்பார்கள். எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று சாலையில் பச்சையும் சிவப்புமாகக் கோடு காட்டும். கியரைத் தானே மாற்றும். வால் பக்கம் வழுக்கினால் பிடித்து நிறுத்தும். பிரேக்கை எவ்வளவு முரட்டுத்தனமாக மிதித்தாலும் சக்கரம் சுற்றுவது நின்று பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். அண்ணனுக்கு இதெல்லாம் பிடிக்காது. அல்லது பிடிக்காது என்று சொல்லிக்கொள்வான். சுவரில் பெரிய பலகை. யார் எத்தனை நிமிடத்தில் ஒரு சுற்று ஓட்டினார் என்று அதில் எழுதுவார்கள். பலகைக்கு மேலே அவன் கைப்பட எழுதி ஒட்டியிருந்தான்: 'அசிஸ்ட் போட்டு ஓட்டுபவர்களுக்கு இங்கே இடமில்லை.' முதல் வரியில் அவன் நேரம் இருந்தது. இரண்டு வருடமாக யாராலும் அதைத் தாண்ட முடியவில்லை.

"அசிஸ்ட் போட்டு ஓட்டுறவன் டிரைவரே இல்ல, பார்சல்," என்பான் வருகிறவர்களிடம். "கார் ஓட்டுது, இவன் கூட உக்காந்து போறான்."

உம்முவுக்குக் கடையில் வேலை கூட்டுவது, இருக்கை துடைப்பது, பெடலுக்கு அடியில் சேரும் மண்ணைத் தட்டுவது, இரவு மூடும் முன் திரையிலிருந்து நேரங்களைப் பார்த்துப் பலகையில் எழுதுவது. காலை ஒன்பது மணிக்கு அவள்தான் கடையைத் திறப்பாள். அண்ணன் பத்தரைக்குத்தான் வருவான். வீட்டில் காலை ஐந்திலிருந்து யாராவது ஒருவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கூப்பிடுவதும் அவள் பெயரைச் சொல்லி அல்ல. ஒன்பதிலிருந்து பத்தரை வரை மட்டும் யாரும் கூப்பிட முடியாது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே அவள் மீதி நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

ஒருநாள் நான்காம் நம்பர் பெடலைத் துடைத்துவிட்டு, துடைத்தது சரியா என்று பார்க்க உட்கார்ந்தாள். எழுந்தபோது மணி பத்து.

முதல் மாதம் எல்லா உதவியோடும் ஓட்டினாள். சுலபமாக இருந்தது. சுலபமாக இருந்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு முன்பே மிதிப்பது போலிருந்தது. அந்தக் கால் யாருடையது என்று யோசிக்க வேண்டியதில்லை. மாதம் முடிந்த மறுநாளே ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினாள்.

முதலில் கோட்டை அணைத்தாள். சாலை மொட்டையாகிவிட்டது. எங்கே பிடிப்பது என்று தெரியாமல் பத்து நாள் மணலில் போய் விழுந்தாள். பிறகு சாலையோரம் பார்க்கக் கற்றுக்கொண்டாள். முதல் திருப்பத்துக்கு, தாரில் ஒட்டுப் போட்ட கறுப்புத் திட்டு. நான்காவதற்கு, கம்பி வேலியில் ஒரு தூண் மட்டும் சாய்ந்திருக்கும் இடம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை; பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் வாழ்நாள் முழுக்க அவள் செய்த வேலை. பிறகு கியர். பிறகு வழுக்கலைப் பிடிக்கும் உதவி. அதை அணைத்த அன்று வண்டி பம்பரம் போலச் சுற்றியது. திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது ஸ்டியரிங் நேராகாமல் ஆக்சிலேட்டரைத் தொட்டால் பின்சக்கரம் முன்னால் வரப் பார்க்கும். பொறுக்க வேண்டும். பொறுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

கடைசியில் பிரேக் உதவி. அதுதான் ஆளைக் கொன்றது. சற்று அதிகம் மிதித்தால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் கையில் இருக்கும் ஸ்டியரிங் லேசாகிவிடும், காகிதம் மாதிரி. எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரே போகும். பூட்டிய டயர் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகி, அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டியரிங் நடுங்கும். மூன்று வாரம் அவள் கை நடுங்கியது. ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மிதித்துப் பார்த்தாள். பட்டறை மெஷினில் ரெக்சினின் முனை திரும்பும் இடத்தில் அரை மிதி, கால் மிதி என்று விட்டு விட்டுத் தைத்தது காலுக்கு ஞாபகம் வந்தது. முதலில் அழுத்தம், வண்டி திரும்பத் திரும்பத் தளர்வு. அண்ணன் காரின் தேய்ந்த மிதியடியில் பன்னிரண்டு வருடம் செய்ததும் அதுதான். இங்கே காலுக்குக் கீழே பிரேக் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கிடையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. திரையில் ஒவ்வொரு நேரத்தின் பக்கத்திலும் சின்னச் சின்ன அடையாளங்கள் இருக்கும். ஆங்கிலம் அவளுக்கு ஓடாது. ஆனால் எந்த உதவியை அணைத்தால் எந்த அடையாளம் மறைகிறது என்று பார்க்க ஆங்கிலம் எதற்கு? ஒரு பாதம் என்றால் பிரேக் உதவி. வளைந்த கோட்டின் மேல் ஒரு கார் என்றால் வழுக்கலைப் பிடிக்கும் உதவி. ஒன்றாம் நம்பர் இருக்கை அண்ணனுடையது. வேறு யாரும் உட்காரக் கூடாது, அதன் திரையை வேறு யாரும் பார்ப்பதும் இல்லை. துடைக்கப் போனவள் பார்த்தாள். பலகையின் முதல் வரியில் இருக்கும் அந்த நேரத்தின் பக்கத்தில் பாதமும் இருந்தது, வளைந்த காரும் இருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அண்ணன் திட்டினால் பாதிதான் காதில் விழுந்தது.

சனி பிடித்தது ஒரு சனிக்கிழமைதான். நான்காம் நம்பர் பெடலில் ஒரு திருகு கழன்றிருந்தது. காலையில் அதை முடுக்க நேரமில்லாமல், ஒன்றாம் நம்பரில் உட்கார்ந்து ஓட்டினாள். அவள் குட்டை, இருக்கையை நன்றாக முன்னால் தள்ளிக்கொள்வாள். முடிந்ததும் பின்னால் தள்ளி வைப்பது வழக்கம். அன்றைக்கு மறந்தாள். திருகை மட்டும் மறக்காமல் முடுக்கினாள்.

சாயங்காலம், கடையில் ஆள் இருக்கும்போது, அண்ணன் வழக்கம்போலத் தொப்பென்று தன் இருக்கையில் விழுந்தான். இரண்டு முழங்காலும் ஸ்டியரிங் கம்பியில் மோதின.

"அம்மா!" என்று கத்தினான். கொரியர்காரர் சிரிப்பை ஹெல்மெட்டுக்குள் விட்டார். அண்ணன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருக்கையைப் பார்த்தான், பிறகு துடைப்பத்தோடு நின்ற தங்கையைப் பார்த்தான்.

"யாரு உக்காந்தா இதுல?"

அவள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"ஏய், உன்னத்தான். நீயா?"

"ஆமா."

"துடைக்கச் சொன்னா ஓட்டிப் பாக்குறியா? எத்தன நாளா நடக்குது இது?"

"ஒண்ணே கால் வருஷமா."

அண்ணன் முகம் சிவந்தது. "கேட்டீங்களா டாக்டர்? மரக்கட்ட ரேஸ் ஓட்டுதாம். சாவியக் குடு. நாளைலேர்ந்து உங்க அண்ணி வந்து திறப்பா. நீ வீட்லயே கெட."

இடுப்பில் செருகியிருந்த சாவியை அவள் கையில் எடுத்தாள். கொடுக்கவில்லை. அவள் பேசப்போகிறாள் என்பது தெரிந்து பல் டாக்டர் தன் திரையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஓட்டிப் பாக்கலாம்," என்றாள்.

"என்னது?"

"நீங்களும் நானும். பத்து சுத்து. நான் தோத்தா சாவிய அண்ணிகிட்ட குடுத்திடறேன். இந்த மாடி ஏற மாட்டேன். ஜெயிச்சா சாவி என்கிட்டதான் இருக்கும். ஒம்பதுலேர்ந்து பத்தரை வரைக்கும் நான் என்ன பண்றேன்னு யாரும் கேக்கக் கூடாது."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "பத்து சுத்தா? பத்தடி தாண்ட மாட்ட நீ. வா, வா."

"அசிஸ்ட் எதுவும் கெடையாது," என்றாள் அவள்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கணம்தான், பிறகு மறுபடி சிரித்தான், ஆனால் அது முதல் சிரிப்பு இல்லை. "அது என்ன புதுசா? நான் என்னைக்கு அசிஸ்ட் போட்டேன்?"

"அப்படின்னா ரெண்டு பேரையும் ஒரே பந்தயத்துல இணைச்சிடறேன்," என்று பல் டாக்டர் எழுந்தார். "அசிஸ்டத் தடை பண்ற வசதி இருக்கு சார். யார் மேலயும் சந்தேகம் வராது பாருங்க. நீங்களே போர்டு எழுதி வெச்சிருக்கீங்க." மனிதர் ஒன்றும் தெரியாமல் நல்ல மனதோடுதான் சொன்னார். அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தான். தப்பிக்க வழியில்லை.

சாவியை மேசை மேல் வைத்தார்கள். அவள் நான்காம் நம்பரில் ஏறிச் செருப்பைக் கழற்றினாள்.

"செருப்ப கழட்டுறா பாரு, கோயிலுக்குப் போறவ மாதிரி," என்றான் அண்ணன்.

திரையில் பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் சிவப்பு விளக்கு அணைந்ததும் அவன் வண்டி சீறிக்கொண்டு போனது. அவள் பின்னாலேயே போனாள், அவசரமில்லாமல். கறுப்புத் திட்டு வந்தது. அவள் காலை அழுத்தினாள். அவன் அழுத்தவில்லை. எப்போதும்போலக் கடைசி நொடி வரை போய், பதினைந்து வருடப் பழக்கத்தில் ஓங்கி ஒரே மிதி. நான்கு சக்கரத்திலிருந்தும் புகை கிளம்பியது. திருப்பம் ஒரு பக்கம், அவன் வண்டி ஒரு பக்கம்; நேரே மணலில் போய் நின்றது.

"சார், திருப்பம் இந்தப் பக்கம்," என்றார் கொரியர்காரர்.

"வாய மூடு!"

மணலிலிருந்து வெளியே வந்தவன் வெறியோடு துரத்தினான். நேர்ச்சாலையில் அவன் வேகம் அவளுக்கு இல்லை. அதை அவளும் அறிவாள். நான்காவது சுற்றில், மெதுவாகப் போக வேண்டிய கொண்டைத் திருப்பத்தில், பின்னாலிருந்து வந்து அவள் வண்டியை இடித்துத் தள்ளினான். அவள் வண்டி சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது.

"இது என்ன சார் நியாயம்?" என்றார் பல் டாக்டர்.

"ரேஸ்னா அப்படித்தான். வலிச்சா வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

பழைய உம்முவாக இருந்தால் அங்கேயே எழுந்து துடைப்பத்தை எடுத்திருப்பாள். கண்ணில் நீர் முட்டியது உண்மைதான். அதை அங்கேயே விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினாள். எட்டு நொடி பின்தங்கியிருந்தாள். அவனைப் பார்ப்பதை நிறுத்தினாள். திட்டு, சாய்ந்த தூண், அழுத்தம், தளர்வு. அடுத்த சுற்றில் ஏழு நொடி ஆனது. அதற்கடுத்ததில் ஐந்து. ஏழாவது சுற்றில் இரண்டு. அவள் வேகமாகப் போகவில்லை; அவன்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓங்கி மிதித்து மிதித்துத் தன் டயரைத் தட்டையாக்கிக்கொண்டிருந்தான். அவன் ஸ்டியரிங் நடுங்குகிற சத்தம் அவள் இருக்கை வரை கேட்டது. கடகடவென்று, ஆணி கழன்ற தட்டுவண்டி மாதிரி.

எட்டாவது சுற்றில் முதல் திருப்பத்தில் அவன் மறுபடி புகை கிளப்பிக்கொண்டு வெளியே அகன்று போக, உள்பக்கம் காலியாகக் கிடந்த சாலையில் அவள் நுழைந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பதாவது சுற்றின் நடுவில் அண்ணன் ஸ்டியரிங்கை விட்டு எழுந்தான்.

"பெடல் சரியில்ல," என்றான். "இவதான் தினம் துடைக்கிறா. ஏதோ பண்ணி வெச்சிருக்கா. திருட்டுக் கழுத!"

அவள் மீதிச் சுற்றை ஓட்டினாள். பத்தாவதும் முடிந்தது. கொரியர்காரர் அதற்குள் ஒன்றாம் நம்பரில் உட்கார்ந்து இரண்டு திருப்பம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பெடல் நல்லாத்தான் இருக்கு சார்," என்றார், யாரையும் பார்க்காமல்.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். மேசைக்குப் போய்ச் சாவியை எடுத்தாள்.

"பெடல்ல ஒண்ணும் இல்லண்ணே," என்றாள். "உங்களுக்கு முழுசா மிதிக்க மட்டும்தான் தெரியும். அடுத்தவங்க ஓட்டுற வண்டியோட பிரேக்கத்தானே பதினஞ்சு வருஷம் மிதிச்சீங்க."

அண்ணன் அடிக்கக் கை ஓங்கினான். பல் டாக்டர் எழுந்து நடுவில் நிற்க, கை இறங்கியது. அவன் மாடிப்படி இறங்கிப் போன சத்தம் கீழே தெருவரை கேட்டது.

அன்று கடையை மூடும் முன் அவள் பலகையில் நேரங்களை எழுதினாள். அண்ணனின் நேரத்தை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில், திரையில் இருந்தபடியே, ஒரு சின்னப் பாதத்தையும் வளைந்த கோட்டின் மேல் ஒரு காரையும் வரைந்து வைத்தாள். மறுநாள் அண்ணன் பார்த்தான். வந்தவர்களும் பார்த்தார்கள். என்ன இது என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்னாள். சுவரில் ஒட்டியிருந்த காகிதம் அந்த வாரமே கிழிந்தது.

வீட்டில் அதற்கு வட்டியோடு வாங்கிக்கட்டிக்கொண்டாள். "கூடப் பொறந்தவன நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்தியிருக்கியே, சோறு இறங்குதா உனக்கு?" என்றாள் அண்ணி. "இறங்குது அண்ணி," என்றாள் அவள், பொய்யில்லாமல்.

இது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. சாவி அவளிடம் இருக்கிறது. ஒன்பதுக்குத் திறக்கிறாள், அண்ணன் பத்தரைக்கு வருகிறான். இருவரும் பேசுவதில்லை; சொல்ல வேண்டியதை அண்ணி வழியாகவோ கொரியர்காரர் வழியாகவோ சொல்லிக்கொள்கிறார்கள். ஒன்றாம் நம்பர் இருக்கை இப்போது எல்லோருக்கும் பொது. அண்ணன் அதில் உட்காருவதில்லை. அவளுக்கு இன்னும் லைசன்ஸ் இல்லை, கேட்கவும் இல்லை. அண்ணன் காரில் அவள் ஏறுவதில்லை. முன்சீட்டில் அண்ணிதான் உட்காருகிறாள், கண்ணை மூடிக்கொண்டு. உம்மு பேருந்தில் போகிறாள். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கை கிடைத்தால், வலது கால் இப்போதும் அழுத்துகிறது.